டிராக்டர் சக்கரம் போட்ட கார்

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கடைப் பக்கம் போய்விடுவேன். வீட்டில் இருந்தால் மனைவி மின்விசிறியைக் கழற்றித் துடைக்கச் சொல்வாள். கடையில் என்றால் உட்கார நாற்காலியும் குடிக்க டீயும் உண்டு. அப்படிப் போயிருந்தபோது ஒருவர் கைபேசியை நீட்டி, “இந்த வீல் போட்டா வண்டி ரோட்டப் பிடிச்சுக்கிட்டுப் போகுமாண்ணே?” என்று கேட்டார். படத்தில் பெரிய கறுப்பு அலாய் வீல், அதைச் சுற்றி ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு ஒல்லியான டயர். எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள், இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் முத்துக்குமார், “வண்டிய எங்கண்ணே ஓட்டுவீங்க? யாரு யாரு உக்காருவாங்க?” என்று கேட்டுவிட்டான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அது எங்கள் கடையின் கேள்வி. அது எப்படி வந்தது, அதனால் யார் பிழைத்தார்கள் என்பதை நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. “எழுதியே குடுத்துருங்கண்ணே, நீங்க சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடவையும் நீளுது” என்று முத்துக்குமார் கிண்டல் செய்தான். நீளாமல் என்ன செய்யும்? ஜெயித்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

என் பெயர் குருசாமி. திண்டுக்கல்லில் பழனி சாலையில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். அதாவது, காரின் நான்கு சக்கரமும் ஒரே பக்கம் பார்த்து ஓடுகிறதா என்று சரிபார்க்கும் வேலை. அதற்கு முன்னால் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டேன். லாரி ஷெட்டில் ஜாக்கி தூக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. கார் வேலைக்கு வந்தபிறகுதான் எனக்குத் தொழில் மேல் ஆசையே வந்தது.

கடை முதலாளி காலமானதும் அவர் மகள் ஸ்டெல்லா பொறுப்புக்கு வந்தாள். கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் படித்தவள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவளை ‘பாப்பா’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் எனக்கு. முதல் நாளே, “கடைக்குள்ள பாப்பா வேணாம்ணே, ஸ்டெல்லான்னே கூப்பிடுங்க” என்றாள். முதலாளியைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? ‘ஸ்டெல்லாம்மா’ என்று சமாதானத்துக்கு வந்தேன். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பாள். அவள் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போய்விடுவோம். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டாள். “பாத்துருவோமா?” என்பாள், அவ்வளவுதான்.

அவள் வந்த புதிதில், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் சூப்பர்வைசர் ஒருவர் கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் காரோடு வந்தார். பெரிய வீல் வேண்டும் என்றார். மாட்டினேன். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், ஸ்டெல்லா வந்தாள்.

“ஆள ஏத்திப் பாத்தீங்களாண்ணே?”

“அஞ்சு பேருக்கு நான் எங்க போவேன் ஸ்டெல்லாம்மா?”

அவள் பக்கத்து வெங்காய மண்டிக்கு ஆள் அனுப்பினாள். சின்ன வெங்காய மூட்டைகள் வந்தன. பின் சீட்டில் மூன்று பேர் பாரத்துக்கு, முன் சீட்டில் ஒருவர் பாரத்துக்கு என்று ஏற்றினாள். எனக்கு மானம் போகிறது. மண்டிக்காரர்கள் வாசலில் நின்று, “வெங்காயத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சாம்மா?” என்று சிரிக்கிறார்கள். வண்டியை எடுத்து ஒரு மேட்டில் ஏற்றித் திருப்பினேன். பின் சக்கரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள்விளிம்பு புது டயரைச் சீவியிருந்தது. அந்த வீல் அச்சிலிருந்து வெளியே தள்ளி உட்காரும் வகை. வெறும் வண்டியில் அது தெரியாது. மறுநாள் மாப்பிள்ளையும் பெண்ணும் சொந்தக்காரர்களும் அதே வண்டியில் ஏறியிருந்தால் டயர் நடுவழியில் கிழிந்திருக்கும். சூப்பர்வைசர் முகம் வெளிறிவிட்டது. வேறு வீல் போட்டு அனுப்பினோம்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் வெங்காயம் ஏற்றாமல் சக்கர அளவு மாற்றுவதில்லை. யார் ஓட்டுவார்கள், எங்கே ஓட்டுவார்கள், யார் உட்காருவார்கள் என்று கேட்காமல் டயரைக் கீழே இறக்குவதும் இல்லை. ஊரில் எங்களுக்கு வெங்காயக் கடை என்றே பெயராகிவிட்டது. நான் முதலில் முறைத்தேன், பிறகு அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

சித்தையன்கோட்டையிலிருந்து அந்தக் கார் வந்தது ஒரு மழைக்காலத்தில். ஓட்டி வந்தவர் சுப்பையா, அறுபதைத் தாண்டிய விவசாயி, தென்னந்தோப்பு உள்ளவர். பின் சீட்டில் அவர் மருமகள் மலர்விழி. சிறுமலை மேலே ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் அந்தக் காரில்தான் மலையேறி இறங்கினாள். ஒரே மாதத்தில் இரண்டு முறை வளைவில் வண்டி பிசகியிருந்தது. ஒரு முறை ஓரத் தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. இன்னொரு முறை எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை.

சுப்பையா இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை இது: “தாயி, வண்டிய நல்லாப் பாத்து, ஒரு கொறையும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அது போதும் எனக்கு.”

“அதுக்கப்புறம் ஐயா?” என்றாள் ஸ்டெல்லா.

“அப்புறமென்ன, சாவிய நான் வாங்கி வச்சுக்கிருவேன். நானும் எம் மகனும் இதே வண்டியத்தான் ஓட்டுறோம். எங்களுக்கு ஒழுங்காத்தான போகுது? இவ ஓட்டுனா மட்டும் சொவத்துல முட்டுது. வேணாம். எங்களுக்கு இவ உசுரு முக்கியம்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர். ஆனால் மலர்விழி தலைகுனிந்து நின்றாள். அவர் டீ குடிக்க நகர்ந்ததும் ஸ்டெல்லாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“சாவி போனா வேலையும் போச்சுக்கா. புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு மல பஸ்ஸப் பிடிக்க முடியாது. அத விட்டா அடுத்த பஸ்ஸுக்குள்ள அங்க பாதி சனம் திரும்பிப் போயிரும். நான் வேகமாவும் போகலக்கா. வளைவுல ஸ்டியரிங்க ஒடிச்சா மூக்கு திரும்ப மாட்டேங்குது. நேராப் போகுது. செத்த நேரம் கழிச்சுச் சட்டுன்னு திரும்புது. சொன்னா யாரு நம்புறா?”

நான் அதற்குள் குனிந்து டயரைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “பின்னாடி இதை மாட்டுனது எந்தப் புண்ணியவான்?” என்று கத்திவிட்டேன்.

“நாந்தேன்” என்றார் சுப்பையா, டீ கிளாசோடு திரும்பி வந்து. “தேங்கா ஏத்துனா பின்னாடி உக்காந்துக்கிருது. அதான் ஒட்டன்சத்திரத்துல சொல்லிப் பெருசா வாங்கி மாட்டுனேன். டிராக்டருக்குப் பின்னாடி பெருசுதான தம்பி? காலமெல்லாம் டிராக்டர் ஓட்டுறேன், ஒருநா கவுந்திருக்கனா?”

ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல். நான் வாயை மூடிக்கொண்டேன்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் பலரும் பார்ப்பதே இல்லை. அந்தக் காரின் முன் டயரில், கம்பெனி கொடுத்த அளவான 185/65 R15 என்று இருந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பின்னால் 205/65 R15. பார்வைக்கு அகலம்தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பங்கு என்பது அகலத்திலிருந்து கணக்கிடுவது, அகலம் கூடினால் உயரமும் கூடிவிடும். முன்னால் இருந்தவை ஒல்லி மட்டுமல்ல, ரப்பர் இறுகிப்போன பழைய டயர்கள்.

இதையெல்லாம் சுப்பையாவிடம் சொல்லியிருந்தால் ‘டயர் விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்’ என்று போயிருப்பார். ஸ்டெல்லா, “பாத்துருவோமா ஐயா?” என்றாள். சாக்கட்டி எடுத்து முன் சக்கரத்திலும் பின் சக்கரத்திலும் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டாள். தரையிலும் நேர்க்கோடு போட்டாள். வண்டியை மெதுவாகத் தள்ளினோம். சக்கரக் கோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. பிறகு இரண்டு சக்கரமும் போன தூரத்தைக் கயிற்றால் அளந்து, கயிறுகளைச் சுப்பையாவின் கையிலேயே கொடுத்தாள். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பின் சக்கரத்துக் கயிறு நான்கு விரல் நீளமாக இருந்தது.

“ஒரு சுத்துக்கு நாலு விரக்கட” என்றாள் ஸ்டெல்லா. “முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே மாதிரி சுத்தும்னு நம்பித்தான் இந்த வண்டியோட பிரேக்குக் கம்ப்யூட்டரு வேல செய்யுது. அது கொழம்பிப் போயித்தான் மீட்டருக்குப் பக்கத்துல அந்த மஞ்ச லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது.”

“லைட்டு எரியுது, சரி. ஆனா எனக்கு வண்டி திரும்புதே?”

“எங்கய்யா ஓட்டுவீங்க?”

“மார்க்கெட்டுக்கு. மதுர ரோட்டுக்கு. தோப்புக்கு.”

“அம்புட்டும் நேர் ரோடு. தேங்கா பாரத்தோட. மலர் ஓட்டுறது மழையில, வெறும் வண்டி, கொண்டை ஊசி வளைவு. அதையும் பாத்துருவோமே.”

கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் சிமென்டுத் தளம் அன்று காலியாகக் கிடந்தது. நான் பழைய டயர்களை உருட்டிப்போய் மலை வளைவு மாதிரி ஒரு திருப்பம் அமைத்தேன். ஹோஸ் பைப்பால் தளம் முழுவதும் நனைத்தோம். சுப்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மலர்விழி தான் மலையில் எந்த கியரில் எந்த வேகத்தில் திரும்புவாளோ அதைச் சொன்னாள். அதே வேகத்தில் வந்தார். ஒடித்தார். வண்டி ஒடியவில்லை. மூக்கு நேராகப் போய் டயர் அடுக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது.

“செருப்பு வழுக்கிருச்சு” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்தார். மறுபடி டயர் அடுக்கு. அவர் என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, நீ ஓட்டு பாப்பம்.” எனக்கு என் கையின் மேல் பெரிய நம்பிக்கை. வாழ்நாள் அனுபவம் முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்தது. முழுவதும் நேராகப் போய் டயரில் முட்டியது. மண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு அன்று வெட்கமே வரவில்லை, ஏனென்றால் மலர்விழியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

சுப்பையா காருக்கு முன்னால் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் போய்க் கேட்டாள்.

“ஐயா, டிராக்டர்ல இழுக்குறது எந்தச் சக்கரம்?”

“பின் சக்கரம்.”

“இந்தக் கார்ல?”

அவர் யோசித்தார். “முன்னாடிதான் இழுக்குதுன்னு மெக்கானிக்கு சொல்லியிருக்கான்.”

“இழுக்குறது, திரும்புறது, பிரேக்குல பாரம் வாங்குறது எல்லாமே முன் சக்கரம். அம்புட்டு வேலையும் பாக்குறவனுக்கு ஒல்லியா, பழசாக் குடுத்துருக்கீங்க. சும்மா கூட வாரவனுக்குப் பெருசாக் குடுத்துருக்கீங்க. பின்னாடி கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, முன்னாடி பிடிக்க வலுவில்ல. அதான் நேராப் போகுது.”

அவர் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்க்காமலே, “எம் மேலதான் தப்பா அப்ப?” என்றார். ஸ்டெல்லா, “டயர் மேலதான்யா தப்பு. மாத்திருவோம்” என்றாள். ஒரு மனிதரை எப்படித் தலைகுனியவிடாமல் காப்பாற்றுவது என்பதை நான் அன்று அவளிடம் பார்த்தேன்.

அடுத்து வந்தது எனக்கும் ஸ்டெல்லாவுக்குமான சண்டை. நான் 195/55 R16 போட வேண்டும் என்று நின்றேன். ரிம் ஓர் அங்குலம் பெரிது, பக்கச் சுவர் குட்டை. மொத்த உயரம் கம்பெனி கொடுத்த அளவேதான். குட்டைச் சுவர் வளைவில் நெளியாது, ஸ்டியரிங் சொன்ன உடனே வண்டி கேட்கும். ஓட்டிப் பார்த்தால் அந்தச் சுகம் தெரியும். ஸ்டெல்லா 15 அங்குல ரிம்மிலேயே 195/60 போடலாம் என்றாள். அதிலும் உயரம் கிட்டத்தட்ட அதே. பழையதைவிடக் கொஞ்சம் அகலம், கொஞ்சம் குட்டை. என் டயர் அளவுக்குத் துடிப்பு இருக்காது, ஆனால் பள்ளத்தில் விழுந்தால் தாங்கும். இருவரும் மாறி மாறிப் பேசினோம். கடைசியில் மலர்விழி குறுக்கே புகுந்தாள்.

“அண்ணே, நீங்க சொல்றது ஓட்ட நல்லாருக்கும். ஆனா மழை பேஞ்சா மலை ரோட்டுல பள்ளம் எங்க கெடக்குன்னே தெரியாது. தோப்புப் பாதையில கல்லு வேற. பாதி மலையில ரிம்மு நெளிஞ்சா எனக்கு யாரு வருவா? அக்கா சொல்றதையே போடுங்க.”

ஓட்டுகிறவள் சொல்லிவிட்டாள், அதோடு சண்டை முடிந்தது. இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உங்கள் சாலையைப் பார்த்து அளவை எடுங்கள், படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

நான்கும் ஒரே அளவு, ஒரே வகை. சுமை தாங்கும் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் சுழலவிட்டு, எடை கூடிய பக்கத்துக்கு எதிரே சின்ன ஈயத்துண்டு ஒட்டி சமன் செய்தேன். வெங்காய மூட்டை ஏற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்தோம். டிரைவர் கதவுப் பக்கத்தில் கம்பெனி ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று வைத்து, அலைன்மென்ட் மெஷினில் நிறுத்தினேன். அந்த வேலையை நான் அவ்வளவு ஆசையாக வேறு எந்த வண்டிக்கும் செய்ததில்லை. “தேங்காய்க்கு என்ன செய்ய?” என்று சுப்பையா கேட்டார். “வாடகை வேன் இருக்குல்ல ஐயா” என்றாள் ஸ்டெல்லா. அவரும் சிரித்துவிட்டார்.

தளத்தை மறுபடி நனைத்தோம். அவரே ஓட்டினார். அதே கியர், அதே வேகம். ஒடித்தார், வண்டி கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை மாதிரி கூடவே திரும்பியது. நிறுத்தினார். நம்பாமல் இன்னொரு தரம் வந்தார். அதற்கப்புறம் அவரை நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது. சுற்றிச் சுற்றி வருகிறார், மண்டிக்காரர்கள் விசிலடிக்கிறார்கள். “போதும் அப்பு, டயரு இங்கயே தேஞ்சுரும்” என்று ஒருவர் கத்தினார்.

இறங்கி வந்தவரிடம் ஸ்டெல்லா, “இது சமதளம் ஐயா. மலையிலயும் பாத்துருங்க. மலர் ஓட்டட்டும். குருசாமி அண்ணனும் கூட வருவாரு” என்றாள். அவர் முகம் மாறியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு மலர்விழியிடம் நீட்டினார்.

நத்தம் சாலையில் திரும்பும்போதே தூறல். மலர்விழி வைப்பரைப் போட்டாள். சுப்பையா முன் சீட்டில், மேலே இருந்த கைப்பிடியைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். முதல் வளைவுகளில் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் எனக்கும் பயம்தான், மறைப்பானேன். வேலையை நான் செய்தவன். ஏதாவது ஆனால் அவள் பிழைப்போடு என் பெயரும் போகும்.

அவள் இடித்த வளைவு வந்தது. தடுப்புச் சுவரில் காரின் வெள்ளை பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. சாலையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் கியரைக் குறைத்தாள், ஒடித்தாள். வண்டி தன் பக்கத்துக் கோட்டை விடாமல் திரும்பியது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. முன்பு மாதிரி பிசகியிருந்தால் பஸ்ஸுக்கு முன்னால்தான் போயிருப்போம். அவள் ஒரு பதற்றமும் இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டாள். பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். சுப்பையா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேலே போய் டீ குடித்தோம். அவள் வேலை செய்யும் இடத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். வாசலில் நின்ற இரண்டு பெண்கள், “நர்ஸம்மா, இன்னைக்கு லீவுன்னாங்க?” என்று ஓடிவந்தார்கள். ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தை அவளைக் கண்டதும் ஊசி என்று நினைத்து அழுதது. சுப்பையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது மழை வலுத்தது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் டயருக்குச் சோதனை. ஒவ்வொரு வளைவாக எண்ணியபடி முன்னால் குனிந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில் வினோதமாக ஒரு சத்தம் கேட்டது. சக்கரத்திலிருந்தா, அச்சிலிருந்தா என்று காதைத் தீட்டினேன். மலர்விழி கண்ணாடியில் என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

சுப்பையா தூங்கிவிட்டார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை. மழையில், மலை இறக்கத்தில், சாவியைப் பிடுங்க வேண்டும் என்று வந்தவர் மருமகள் ஓட்ட நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடிவாரத்தில் அவள் வண்டியை ஓரம் கட்டி, “மாமா” என்று கூப்பிட்டாள். அவர் திடுக்கிட்டு விழித்து, “என்ன, வளைவெல்லாம் எங்க?” என்று கேட்டார்.

“எறங்கிட்டோம் மாமா.”

அவர் திரும்பி மழையில் மறைந்து கிடந்த மலையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு நீ வெள்ளனக் கெளம்பிருத்தா. அங்க சனம் காத்துக்கெடக்குது. புள்ளயப் பள்ளிக்கூடத்துல நான் கொண்டு போய் விட்டுக்கிறேன்.”